வழி சொல்லாதவர்

எங்கள் பூந்தமல்லி பாயோடு வண்டியில் போகிறவனுக்குப் போகிற வழி தெரியாது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியாது. பின்சீட்டில் உட்கார வைத்து, பழைய போர்வையில் சுற்றிய, தானே செய்த நாலடி நீள பொம்மை விமானத்தைத் தூக்கிக் கையில் கொடுத்துவிடுவார். இறக்கை முகத்துக்கு நேராக நிற்கும். கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்த்து ரோட்டைப் பார்க்கலாம் என்றால் றெக்கை ஒடிந்துவிடும் என்பார், அந்தப் பக்கம் சாய்த்தால் வால் போய்விடும் என்பார். ஆவடி வரைக்கும் பரவாயில்லை, சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். அதற்கப்புறம் மனுஷன் நேராகப் போனால்தானே? பட்டாபிராம் பக்கம் ஒரு சுற்று, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சுற்று, மறுபடி வந்த வழியே கொஞ்ச தூரம். எனக்குக் கை மரத்துப்போய் எரிச்சல் எரிச்சலாக வரும். வெள்ளைக்காரன் புதையல் எதையாவது வைத்துவிட்டுப் போயிருக்கிறானா என்று ஒருநாள் கத்தியே விட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கம்முனு புடிச்சிகினு வா நைனா," என்றார்.

பூந்தமல்லி கரையான்சாவடியில் நின்று பாய் என்று கூப்பிட்டால் பத்துப் பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பத்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஆட்டோவுக்கும் பைக்குக்கும் சீட்டு தைக்கிற கடை வைத்திருந்தார். நெடுநெடு உயரம், கட்டம் போட்ட கைலி, காதில் ஒரு பென்சில். விரல் நுனியில் எந்நேரமும் காய்ந்த பசை ஒட்டியிருக்கும். அது சீட்டு ஒட்டுகிற பசையா, விமானம் ஒட்டுகிற பசையா என்று வீட்டில் கேட்டால் எதையாவது சொல்லிச் சமாளிப்பதாகச் சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் குவாலிட்டி செக்கிங் வேலை. நூலிழை பிசகினாலும் பொருளைத் திருப்பி அனுப்புகிறவன். வீட்டிலும் அதே குணம்தான், அதற்காகத் திட்டு வாங்காத நாள் கிடையாது. அப்படிப்பட்ட என்னையே அசர வைத்தவர் பாய். அப்பா விட்டுப்போன ஸ்கூட்டருக்கு சீட்டு கிழிந்துவிட்டது என்று அவர் கடைக்குக் கொண்டுபோனேன். மற்ற கடையாக இருந்தால் அரைமணி நேரத்தில் புது ரெக்சின் போட்டு அனுப்பியிருப்பார்கள். இவர் ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். போனால், அதே வருஷத்து ஸ்கூட்டர் ஒன்றை எங்கேயோ தேடிப்பிடித்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஒரு அங்குலத்துக்கு ஆறு தையல், ஏழு போட்டால் அது வேறு வருஷத்து வண்டி என்றார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அந்த வண்டியை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"கீது. ஒரு எடத்துல கீது."

அவ்வளவுதான் பதில். இத்தனை வருஷப் பழக்கத்தில் அந்தப் பதிலை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. ஓடாத மில்லின் பின்னால் ஒரு நீராவி எஞ்சின், கருவேலங்காட்டுக்குள் ஒரு பாழடைந்த பங்களா, ராணுவ ரயில் சைடிங் பக்கம் மண்ணில் புதைந்த ஒரு வேகன். எல்லாம் அவருக்குத் தெரியும். எல்லாம் ஒரு எடத்துல கீது. பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் டீக்கடையில் கூடுவோம். பாயைக் கிளறிப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. ஒருத்தர் வேட்டியே கட்டிக்கொள்ளாமல் ஓடிவருகிறேன், இடத்தைச் சொல் என்று பந்தயம் கட்டினார். பாய் டீயைக் குடித்துவிட்டு கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

ஒரு காலத்தில் அவரும் சொல்கிற ஆள்தானாம். இதை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறார். பூந்தமல்லியிலேயே ஒரு பெரிய வீட்டின் கொட்டகையில் வெள்ளைக்காரன் காலத்து கார் ஒன்று பூட்டிக் கிடந்தது. சிலந்திவலை தவிர எதுவும் தொடாத கார். வீட்டுக்காரக் கிழவரிடம் நல்லபடியாகப் பேசி, வாரம் ஒருமுறை போய்த் துடைத்துவிட்டு வருவார். சந்தோஷம் தாங்காமல் நண்பர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் இன்னொருத்தரிடம் சொல்லியிருக்கிறார். முதலில் ஹெட்லைட்டுக்கு ஒருத்தன் போனான். அப்புறம் ஸ்டீயரிங்குக்கு ஒருத்தன். மீட்டருக்கு ஒருத்தன். கிழவருக்குக் காசு பிடித்துப்போய், மிச்சத்தைக் காயலான் கடைக்காரனுக்கு எடைக்குப் போட்டுவிட்டார். பாய் அடுத்த வாரம் துணியும் கையுமாகப் போய் நின்றபோது, தரையில் எண்ணெய்க் கறை மட்டும்தான் இருந்தது.

"திருடன் தூக்கிகினு போயிருந்தா கூட மனசு ஆறிடும்பா," என்றார். "ஆசப்பட்டவன் எடுத்தான்பா."

அதிலிருந்து வாயை மூடிக்கொண்டவர்தான். வண்டிமேல் உயிரை வைத்திருக்கிற ஆள்தான் வண்டிக்கு எமன் என்பது அவர் தீர்மானம். எனக்கு அது கொஞ்சம் ஓவராகத்தான் பட்டது. ஆனால் அவர் என்னைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது.

அவர் செய்கிற விமானம் ரிமோட்டில் பறக்கிற ஜாதி இல்லை. அதற்கு முந்தின காலத்தது. இரண்டு மெல்லிய எஃகுக் கம்பி, ஐம்பதடி நீளம். ஒரு முனை விமானத்தின் இறக்கையில், மறுமுனை பாயின் கையில் இருக்கும் கைப்பிடியில். குட்டி எஞ்சின் கிர்ரென்று அலறும், விளக்கெண்ணெய் கருகின வாசனை வரும். விமானம் அவரைச் சுற்றிச் சுற்றி வட்டமடிக்கும், நடுவில் நிற்கிற அவரும் கூடவே சுற்ற வேண்டும். மணிக்கட்டை மேலே காட்டினால் மேலே போகும், கீழே காட்டினால் தரையை உரசும். தலை சுற்றாதா என்று கேட்டால், கண்ணை விமானத்தைவிட்டு எடுக்காமல் இருந்தால் சுற்றாது, உலகத்தைப் பார்த்தால்தான் சுற்றும் என்பார். கிளம்பும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிற விமானத்தைப் பிடித்திருந்து, அவர் தலையாட்டியதும் விட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

இதைப் பறக்க விடுகிற இடம்தான் ஊரை மூன்று சுற்றுச் சுற்றி அவர் கூட்டிப்போகிற இடம். வெள்ளானூர் பக்கம் என்று இப்போது சொல்லலாம், சொன்னால் இனி ஒன்றும் கெட்டுவிடாது. முள்ளுக்காட்டைத் தாண்டிப் போனால் திடீரென்று வழவழவென்று சிமெண்டுத் தரை. உலகச் சண்டை காலத்தில் பிளேன் இறக்கப் போட்டது என்பார் பாய். அவர் சொன்னால் உண்மையா என்று நான் கேட்டதில்லை. ஓரமாக வளைந்த கூரையோடு ஒரு நீளக் கொட்டகை. உள்ளே டயரெல்லாம் மக்கி, அச்சுவரைக்கும் மண்ணில் இறங்கின ஒரு பட்டாள லாரி. மூக்கு நீண்ட லாரி. ஸ்டீயரிங், மீட்டர், கண்ணாடி எல்லாம் அப்படியே இருந்தன. முதல்முறை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பாய் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், லாரியை அல்ல. நான் எதையாவது தொடுகிறேனா என்று பார்க்கிறார் என்பது அப்புறம்தான் புரிந்தது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கடைசி வளைவுக்கு முன்னால் வண்டியை நிறுத்துவார். என் போனை வாங்கி அணைப்பார், தன் போனையும் அணைப்பார், இரண்டையும் வண்டியின் டூல் பாக்ஸில் போட்டுப் பூட்டிவிடுவார். போன் இருந்தால் போட்டோ எடுப்போம், போட்டோ எடுத்தால் யாருக்காவது காட்டுவோம், காட்டினால் முடிந்தது கதை. அங்கே இருக்கிற இரண்டு மூன்று மணி நேரம் உலகத்தில் யாரும் எங்களைக் கூப்பிட முடியாது. எனக்கு அதில் ஒரு சுகம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாயின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முகப்பேரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் வீட்டில் இருப்பார், அந்த ஒருநாளும் புருஷன் காணாமல் போய்விடுவார். எங்கே போகிறீர்கள் என்றால் வேலப்பன்சாவடியில் ஒரு சீட்டு வேலை என்பார் பாய். ஒருமுறை அக்கா என்னையே மடக்கினார். நானும் சளைக்காமல், ஆமாம் அக்கா, பஸ் சீட்டு, மொத்தம் நாற்பது, நான்தான் பிடித்துக் கொடுத்தேன் என்று அளந்தேன். அக்கா சிரித்துவிட்டு, பொய் சொன்னாலும் ஒரு கணக்காகச் சொல்ல வேண்டும், நாற்பது சீட்டுக்குக் கூலி எங்கே என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அன்றைக்கு அது விளையாட்டாக இருந்தது.

பாய்க்கு என்மேல் கோபம் வந்தது ஒரே ஒரு முறை. ஒருநாள் அவர் விமானத்துக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில், அன்றைக்கு அவருக்குத் தெரியாமல் பையில் வைத்திருந்த இன்னொரு போனில், ஆபீஸ் போனில், அந்த லாரியை ஒரு போட்டோ எடுத்தேன். யாருக்கும் அனுப்பவில்லை. போனைத் திறந்தால் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். டீக்கடையில் மேஜைமேல் வைத்திருந்தபோது அழைப்பு வந்து திரை எரிந்தது. பாய் பார்த்துவிட்டார். எழுந்து போய்விட்டார். மூன்று மாதம் என்னோடு பேச்சே இல்லை. கடைக்குப் போனால், ஊசியில் நூல் கோர்ப்பதுபோலவே உட்கார்ந்திருப்பார். நான் அழித்துவிட்டேன் பாய், இதோ பாருங்கள் என்று போனை நீட்டினால், ரெக்சின் வாங்க வந்தவனைப் பார்த்து என்ன கலர் வேண்டும் என்பார். நாற்பத்தெட்டு வயசு ஆள், ஒரு சீட்டுக் கடைக்காரர் பேசவில்லை என்று ராத்திரி சாப்பாடு இறங்காமல் கிடந்தேன். என் வீட்டுக்காரிக்கு இதைச் சொன்னால் சிரிப்பாள் என்று சொல்லவில்லை.

மூன்றாம் மாதம் அவராகவே வந்தார். எங்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல் பேசினார்.

"உன் பொண்ணு தலமேல சத்தியம் பண்ணு. அந்த எடத்த எவனாண்டயும் சொல்ல மாட்டேன்னு."

நான், நீங்களும் பண்ணுங்கள் என்று விளையாட்டாகச் சொன்னேன். எங்களுக்குள் ஆண்டவன் பேரைத் தவிர வேறு எதன்மேலும் சத்தியம் செய்யக்கூடாது, உங்களுக்குள் செய்யலாம் அல்லவா, செய் என்றார். சிரிக்காமல் சொன்னார். எனக்கு ஒரே மகள். அவள் அப்போது வேலைக்குப் போயிருந்தாள். அவள் தலைமேல் சத்தியமாக எவரிடமும் சொல்ல மாட்டேன் என்று தெருவில் நின்று சொன்னேன். பாய் பின்சீட்டைத் தட்டினார், ஏறிக்கொண்டேன். அதற்கப்புறம் விமானத்தை என் முகத்துக்கு நேராகப் பிடிக்கச் சொல்லவில்லை, மடியில் படுக்க வைத்துக்கொள்ளச் சொன்னார். வழியெல்லாம் பார்த்தேன். திருமுல்லைவாயல் தாண்டினால் இருபது நிமிஷம்கூட ஆகாத இடம்.

கடைசி ஒரு வருஷம் அவருக்குத் தலைசுற்றல் இருந்தது. விமானம் இறங்கினதும் தரையில் குந்திக்கொள்வார். பிரஷர் மாத்திரையைக் காலையில் போட்டீர்களா என்று கேட்டால், போட்டேன் போட்டேன் என்பார். போடவில்லை என்று எனக்குத் தெரியும். அக்காவிடம் சொல்லட்டுமா என்று மிரட்டினால், எங்கே வைத்துத் தலை சுற்றியது என்று சொல்வாயா என்று திருப்பிக் கேட்பார். நான் மடங்கிவிடுவேன். இதையெல்லாம் இப்போது எழுதும்போது எனக்கே என்னை அறைய வேண்டும்போல இருக்கிறது.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் என் மகளுக்கு வளைகாப்பு வைத்தோம். அவளுக்கு எட்டு முடிந்து ஒன்பதாம் மாதம். சனிக்கிழமை சாயங்காலம் பாய் போன் செய்தார். புது விமானம் முடிந்துவிட்டது, காலையில் ஒரே ஒரு சுற்று விட்டுப் பார்த்துவிட்டு பதினோரு மணிக்கு வந்துவிடுகிறேன் என்றார். பிடித்து விடுவதற்கு ஆள் இல்லையே என்றேன். ஆணி அடித்துக் கயிறு கட்டி, தானே இழுத்து விட்டுக்கொள்கிறமாதிரி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது, நான் இல்லாமலே நடக்கும் என்று ஆகிவிட்டதே என்று. பந்திக்குத் தாமதமாக வந்தால் பாயசம் கிடையாது என்று சொல்லி வைத்தேன்.

அக்கா சரியாகப் பதினோரு மணிக்கு பஸ் பிடித்து வந்துவிட்டார். கண்ணாடி வளையல் ஒரு டஜன், ஒரு புடவை, பழம். செருப்பைக் கழற்றும்போதே கண் கூட்டத்தில் தேடியது.

"அவரு வந்துட்டாரா தம்பி? போன் சுச்சாப்பு."

இன்னும் வரவில்லை என்றேன்.

"எங்க போனாருன்னு உனக்குத் தெரியுமா?"

எனக்கு எப்படி அக்கா தெரியும், வந்துவிடுவார் என்று சொன்னேன். சொல்லும்போதே பின்னால் என் மகளை அழைத்துவந்து மணையில் உட்கார வைத்தார்கள். தலை நிறையப் பூ. எதன்மேல் சத்தியம் செய்தேனோ அது என் கண் முன்னாலேயே இருந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரி. எனக்கு இந்தச் சாமி, சகுனம் எதிலும் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அன்றைக்கு அந்த வாயைத் திறக்க முடியவில்லை. அக்கா போய் என் மகள் கையில் வளையல் பூட்டினார், கன்னத்தில் சந்தனம் தடவினார், முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

பன்னிரண்டரைக்குப் பந்தி. பாய்க்கு ஒரு இலை போட்டு வைத்தேன். அந்த இலையைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம்தான் வந்தது, பயம் வரவில்லை. என் மகள் வளைகாப்பைவிட அந்தக் கம்பி விமானம் பெரிதாகப் போய்விட்டது, இன்னொரு சுற்று இன்னொரு சுற்று என்று விட்டுக்கொண்டிருக்கிறார், வரட்டும் பேசிக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சாம்பார் வாளியோடு நடந்தேன். அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு மணிக்கு மேல் தண்ணீர் தண்ணீராகக் குடித்துக்கொண்டு கேட்டைப் பார்த்தபடியே இருந்தார். அவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அவர் இன்னொரு வார்த்தை கேட்டிருந்தால் அத்தனையையும் கொட்டியிருப்பேன். அவர் கேட்கவில்லை. நாலரை மணிக்கு, வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன் தம்பி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் தெருமுனை திரும்பினதும் ஸ்கூட்டரை எடுத்தேன். யாரிடமும் சொல்லாமல், சத்தியத்தை மீறாமல், நானே போய்ப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். காலையிலேயே போயிருக்கலாம். ஒரு மணி நேரத்தில் போய் வந்திருக்கலாம். அன்றைக்கு அது என் புத்தியில் உறைக்கவே இல்லை.

சிமெண்டுத் தரையின் நடுவில் கிடந்தார். வெயில் இறங்கிவிட்டிருந்தது. முகத்தில் ஒரு பக்கம் வெந்து சிவந்திருந்தது, ஒரு பக்கம் கோணியிருந்தது. கம்பி இரண்டும் காலில் சுற்றியிருந்தன. விமானம் மூக்கு நசுங்கி ஓரமாகக் கிடந்தது. ஆணி அடித்த இடத்தில் கயிறு அப்படியே இருந்தது. எண்ணெய் டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன், ஏறக்குறைய நிறைந்திருந்தது. முதல் சுற்றிலேயே விழுந்திருக்கிறார். காலை எட்டு மணி என்று வைத்துக்கொண்டாலும் ஒன்பதரை மணி நேரம். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார். நான் பாய், பாய் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஏதோ சொல்லப் பார்த்தார், சத்தம் மட்டும் வந்தது.

ஆம்புலன்ஸுக்கு வழி சொல்ல வேண்டியிருந்தது. போனில் உரக்க, ஒவ்வொரு வளைவாகச் சொன்னேன். மாடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் வந்தார்கள், அவர்களைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் வந்தார்கள். ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர், எத்தனை மணிக்கு ஆனது என்று கேட்டார். நான் எண்ணெய் டப்பாவைப் பற்றிச் சொன்னேன். நாலரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் ஊசி ஒன்று போட்டிருக்கலாம், கை கால் பேச்சு எல்லாம் கொஞ்சம் தேறியிருக்கும் என்றார். கணக்குப் போட எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்கா கேட்டது பதினோரு மணிக்கு.

பாய் ஒன்றே முக்கால் வருஷம் படுக்கையில் இருந்தார். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சு வரவே இல்லை. நான் ஞாயிறு தவறாமல் போனேன். முகம் மழித்துவிடுவேன், கையைப் பிடித்து நீவி விடுவேன். அவர் என்னையே பார்ப்பார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அந்தத் தரையில் கிடந்துகொண்டு என் ஸ்கூட்டர் சத்தம் வருகிறதா என்று எத்தனை நேரம் காது கொடுத்திருப்பார் என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன். உலகத்தில் அவரைத் தவிர அந்த இடம் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

லாரி பற்றி அவரிடம் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். கேஸ் கட்டர் வைத்து அறுத்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். இப்போது அங்கே மனைக்குக் கல் நட்டிருக்கிறார்கள்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அக்கா என்னைக் காட்டி, இந்தத் தம்பிதான் அன்றைக்கு ஊரெல்லாம் அலைந்து அவரைக் கண்டுபிடித்தது, சொந்தத் தம்பிகூட இப்படிச் செய்யமாட்டான் என்று சொல்வார். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் செருப்பால் அடித்த மாதிரி இருக்கும். எழுந்து போய்விடலாம் என்றால், பாயின் கை என் கையில் இருக்கும்.

போன ஐப்பசியில் பாய் போய்விட்டார். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு அக்கா கூப்பிட்டிருந்தார். ஓதி முடித்து, நெய்ச்சோறு பரிமாறினார்கள். வந்திருந்த உறவுக்காரர்களிடம் மறுபடியும் அதையே ஆரம்பித்தார், இந்தத் தம்பிதான் அன்றைக்கு என்று. எல்லோரும் போன பிறகு பின்பக்கம் அக்கா தட்டு கழுவிக்கொண்டிருந்தார். போய் நின்று சொல்லிவிட்டேன். எனக்கு அந்த இடம் முன்னாலேயே தெரியும் அக்கா, நீங்கள் கேட்டபோதும் தெரியும், மகள் தலைமேல் சத்தியம் செய்திருந்தேன், சொல்லவில்லை. இவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு ஒன்றே முக்கால் வருஷமும் நாற்பது நாளும் ஆயிற்று.

அக்கா தட்டைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும் தம்பி," என்றார். "நான் கேக்கசொல்லவே நீ தலைய குனிஞ்ச. அப்பவே தெரிஞ்சிபோச்சி, உனக்கு எடம் தெரியும்னு. ரெண்டு பேரும் சேந்து என்ன டபாய்க்கறீங்கன்னு நெனச்சிகினேன். நல்ல காரியம் நடக்கற ஊட்ல, உன் பொண்ணு மணையில குந்திகினு கீது, அங்க வச்சி உன்ன கொடையறது இன்னாத்துக்குன்னு வாய மூடிகினு இருந்துட்டேன்."

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. நான்தான் மூடினேன். ஊரெல்லாம் என்னைப் புகழ்ந்தது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாயைக் கண்டுபிடித்தவனாக என்னை வைத்திருந்தால்தான், தான் கேட்காமல் விட்டதை அவர் மறந்திருக்க முடியும்.

"ஒண்ணு கேக்கறேன், நெஜத்த சொல்லு," என்றார். "நான் இன்னொரு தபா கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

எனக்கு அந்த மத்தியானம் முழுதாக நினைவுக்கு வந்தது. சாம்பார் வாளி, அவர் கையில் தண்ணீர் சொம்பு, என் நாக்கு நுனி. அறுபதை நெருங்கின பெண், இனி தனியாக இருக்கப் போகிறவர், ராத்திரியெல்லாம் இதையே போட்டுப் புரட்டியிருக்கிறார்.

"சொல்லியிருக்க மாட்டேன்கா."

"பத்து தபா கேட்டிருந்தா?"

"எத்தன தபா கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை நான் தலையைக் குனியவில்லை. அவர் தோள் மெல்ல இறங்கியது. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அழுதார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ இனிமே இங்க வராத தம்பி," என்றார்.

சரி அக்கா என்று சொல்லிவிட்டு, முன்பக்கம் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.